கேட்டது ஒன்று, வந்தது பத்து: லினக்ஸில் 'சிபாரிசு' வந்த கதை

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய மடிக்கணினிகளுக்கு உபுண்டுவோ டெபியனோ போட்டுக் கொடுத்தால், ஒரு கிழமைக்குள் பிள்ளைகளிடமிருந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், ஒரு சின்ன மென்பொருளைத்தான் கேட்டோம். கூடவே பெயர் தெரியாத சாமான் எல்லாம் இறங்குதே, ஏன்?" பெற்றோருக்குக் கவலை வேறு மாதிரி. மாதம் முழுக்க வரவேண்டிய டேட்டா ஒரு இரவில் முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே பழகியவர்கள் வைரஸ் என்றே பயந்து போகிறார்கள்.

வைரஸ் இல்லை. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பரச் சரக்கும் இல்லை. முப்பது வருடமாக லினக்ஸ்காரர்கள் தங்களுக்குள் நடத்திவரும் ஒரு வாதத்தின் விளைவு அது. அந்த வாதம் எப்படித் தொடங்கியது, யார் எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்று தெரிந்தால், திரையில் வரும் அந்தப் பட்டியலை நாம் வேறு கண்ணோடு பார்ப்போம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

1993 ஆகஸ்ட் 16. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டொக் என்ற 20 வயது மாணவர், டெபியன் என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தொடங்குவதாக அறிவித்தார். அப்போதைய காதலி டெப்ராவின் பெயரின் முற்பகுதியையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. அந்தக் காலத்தில் லினக்ஸ் போடுவது என்றால் பெரும்பாடு. ஒரு நிரலைப் போட்டால் அதற்குத் தேவையான இன்னொன்று இருக்காது; அதைத் தேடிப் போட்டால் வேறொன்று உடையும். டெபியனின் யோசனை எளிமையானது. ஒவ்வொரு மென்பொருளையும் ஒரு பொதியாகக் கட்டுவது, அந்தப் பொதியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவது, தனக்கு வேறு எது எது தேவை என்பதை அந்தச் சீட்டே சொல்லும்படி செய்வது. பொதியைத் திறந்து ஏற்றும் கருவியின் பெயர் டீபிகேஜி. இன்று நாம் பாவிக்கும் அதன் வடிவத்தை 1994 இல் இயன் ஜாக்சன் என்பவர் எழுதினார். (இரண்டு பேரும் இயன். வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் குழப்பம் வரும், கவனம்.)

அந்தச் சீட்டில் மூன்று சொற்கள் முக்கியம். ஆங்கிலத்தில் டிபெண்ட்ஸ், ரெக்கமெண்ட்ஸ், சஜெஸ்ட்ஸ். நம் வசதிக்கு இவற்றைக் கட்டாயம், சிபாரிசு, யோசனை என்று வைத்துக்கொள்வோம்.

கட்டாயம் என்றால் அது இல்லாமல் இது ஓடாது. யோசனை என்றால் அதுவும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. நடுவில் நிற்கும் சிபாரிசுதான் பிரச்சினைக்குரியது. டெபியனின் கொள்கைக் கையேடு அதைக் கவனமாக வரையறுக்கிறது: வலுவான தேவை, ஆனால் முழுமுற்றான தேவை அல்ல, வழமைக்கு மாறான சில இடங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றால் மட்டுமே அந்தச் சொல்லைப் போடவேண்டும். நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், புரியாணிக்கு அரிசி கட்டாயம், அச்சாறு சிபாரிசு, வட்டிலப்பம் யோசனை. அச்சாறு இல்லாத புரியாணியும் புரியாணிதான். ஆனால் விருந்துக்கு வந்தவர் தேடுவார்.

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் நாட்டில் வேறொரு வாசனையும் உண்டு என்பது தெரியும். வேலைக்கு, இடமாற்றத்துக்கு, பாடசாலை அனுமதிக்கு என்று கடிதம் வாங்கும் அந்தச் சிபாரிசு. அது வந்துவிட்டால் பிறகு மறுப்பது கஷ்டம். இந்தக் கதையிலும் அந்த வாசனை கொஞ்சம் அடிக்கத்தான் செய்கிறது.

ஆரம்பத்தில் பொதிகள் கொஞ்சம்தான். 1996 ஜூனில் வந்த டெபியன் 1.1 இல் மொத்தம் 474 பொதிகள். வெளியீடுகளுக்கு டோய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயரை வைக்கும் வழக்கமும் அப்போதே தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் டெபியனை வழிநடத்திய புரூஸ் பெரென்ஸ் வேலை செய்தது அந்தப் படத்தை எடுத்த பிக்சார் கம்பனியில். முதலாவது பெயர் பஸ். பின்னால் லென்னி, வீஸி என்ற பெயர்கள் வரும். லென்னி பொம்மைத் தொலைநோக்கி, வீஸி இறப்பர் பென்குயின்.

பொதிகளைத் தெரிவு செய்ய அப்போது இருந்த திரையின் பெயர் டிசெலக்ட். அதைப் பாவித்த மூத்தவர்கள் யாரும் அதைப் பற்றி அன்பாகக் கதைத்து நாம் கேட்டதில்லை. ஒரு பொதியைத் தொட்டால் தனியே ஒரு திரை விரியும். கட்டாயமானவை, சிபாரிசானவை எல்லாம் அதில் ஏற்கெனவே தெரிவு செய்யப்பட்டு நிற்கும். சிபாரிசு ஒன்றைக் கழற்றினால் அது விடாது, திரும்பவும் கேட்கும். இல்லை, எனக்கு வேண்டாம், நான் சொல்வதுபோலவே செய் என்று அதட்டுவதற்கு ஒரு தனி விசை இருந்தது: பெரிய எழுத்துக் கியூ. தொல்லைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் திரை கேட்டது. வேண்டாம் என்று சொல்ல ஒரு விசையாவது இருந்தது.

1999 மார்ச்சில் டெபியன் 2.1 வந்தது. பொதிகள் ஏறத்தாழ 2,250. அதோடு ஆப்ட்-கெட் என்ற புதிய கட்டளையும் வந்தது. ஒரு வரி எழுதினால் போதும், இணையத்திலிருந்து தானே தேடி, தானே இறக்கி, தானே ஏற்றும். இன்று கைப்பேசியில் நாம் விரலால் தட்டி ஏற்றும் செயலிக் கடைகள் எல்லாம் வருவதற்குக் கிட்டத்தட்ட பத்து வருடம் முந்திய சங்கதி இது. லினக்ஸ் உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்த ஆப்ட்-கெட் சிபாரிசை என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கட்டாயமானதை மட்டும் கொண்டுவந்தது. சிபாரிசையும் யோசனையையும் விட்டுவிட்டு நகர்ந்தது. தொலைபேசி இணைப்பில், நிமிடத்துக்குக் காசு கட்டி இணையம் பாவித்த காலத்தில் இது பெரிய நிம்மதி. கேட்டது மட்டும் வரும்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, அதைக் கட்டியவர்கள் பொதி கட்டுபவர்கள். ஒருவர் சிபாரிசு என்று ஒன்றை எழுதி வைத்திருப்பார். பாவனையாளர் ஆப்ட்-கெட்டில் ஏற்றுவார். சிபாரிசு வராது. மென்பொருளில் பாதி வேலை செய்யாது. உடனே முறைப்பாடு பறக்கும்: உங்கள் பொதி உடைந்திருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே பதிலை எழுதிச் சலித்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. சிபாரிசை வெட்டிவிட்டுக் கட்டாயம் என்று எழுதுவது. முறைப்பாடு நின்றுவிடும். உண்மையிலேயே அது வேண்டாத ஆளுக்கு இப்போது தப்ப வழியில்லை, ஏனென்றால் கட்டாயத்தைக் கழற்றினால் கேட்ட பொதியும் சேர்ந்தே கழன்றுவிடும்.

இந்த இடத்தில்தான் கதையின் மையம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். பார்க்கும்போது சிபாரிசுதான் தொல்லை மாதிரித் தெரியும். ஆனால் மூன்று சொற்களில் நம் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பெறுமதி இருக்கும் ஒரே இடம் அதுதான். கட்டாயத்தில் மறுக்க முடியாது. யோசனையை யாரும் கேட்பதில்லை. சிபாரிசு வலுவாக இருந்தால்தான் கட்டாயங்கள் குறையும்.

இதற்கிடையில் 1999 இலேயே டேனியல் பரோஸ் என்பவர் ஆப்டிடியூட் என்று இன்னொரு கருவியைத் தொடங்கியிருந்தார். அது சிபாரிசுகளையும் சேர்த்து ஏற்றுவதை வழமையாக்கியது. இன்னொரு நல்ல வேலையும் செய்தது: நாம் பெயர் சொல்லிக் கேட்டது எது, அதோடு தானாக வந்தது எது என்று கணக்கு வைத்துக்கொண்டது. நாம் கேட்டதை அகற்றினால் கூட வந்ததையும் கூட்டிக்கொண்டு போகும். 2005 ஜூனில் டெபியன் 3.1 வெளிவந்தபோது, பழைய வெளியீட்டிலிருந்து மேம்படுத்துபவர்கள் ஆப்டிடியூட்டைப் பாவிக்கும்படி வெளியீட்டுக் குறிப்பிலேயே சொன்னார்கள்.

ஆக, ஒரே டெபியன், ஒரே பொதி. ஒருவர் ஆப்ட்-கெட்டில் கேட்டால் மூன்று சாமான் வரும், பக்கத்து மேசைக்காரர் ஆப்டிடியூட்டில் கேட்டால் பதினொன்று வரும். எதற்கு எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. பல வருடம் இப்படியே ஓடியது.

முடிவு வந்தது 2008, 2009 இல். முதலில் உபுண்டு. உபுண்டு டெபியனின் மேல் கட்டப்பட்டது. 2004 ஒக்டோபரில் முதல் வெளியீடு. நம் ஊர்களிலும் சிலர் வீட்டில் அந்த இலவச சீடி இன்னும் கிடக்கும். இணையத்தில் விலாசத்தைக் கொடுத்தால் தபாலில் அனுப்பிவைப்பார்கள், தபால் காசு கூட இல்லை. 2011 இல் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த உபுண்டுவின் 8.10 வெளியீடு, 2008 ஒக்டோபர் 30 இல் வந்தது, சிபாரிசுகளைத் தானாகவே ஏற்றத் தொடங்கியது. டெபியன் கொள்கைக் கையேடு சொல்வதைத்தான் இனிச் செய்கிறோம் என்று வெளியீட்டுக் குறிப்பில் காரணமும் எழுதினார்கள். 2009 பெப்ரவரி 14 இல் டெபியன் 5.0, அதாவது லென்னி, அதே வழியில் வந்தது. அப்போது பொதிகள் 23,000 ஐத் தாண்டியிருந்தன.

பத்து வருடம் கேட்டது மட்டும் வந்த கட்டளை, ஒரே வெளியீட்டில் வீட்டோடு வரத் தொடங்கியது. கலியாணத்துக்கு ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டு அண்டா கணக்குப் போட்டிருந்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சிறிய வன்தட்டில் மட்டுமட்டாக இடம் வைத்து ஓட்டியவர்கள், நூறு சேர்வரைக் கட்டிக் காப்பவர்கள், எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

அவர்கள் சத்தம் வீண் சத்தமும் அல்ல. ஒரு உதாரணம் சொல்கிறோம். பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்துப் பாவிக்க எம்டிஅட்ம் என்று ஒரு பொதி இருக்கிறது. அதை ஏற்றினால் எக்சிம் என்ற மின்னஞ்சல் சேர்வர் ஒன்று கூடவே வந்து உட்காரும். வன்தட்டுப் பொதிக்கும் தபால்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. பிணைத்த தட்டுகளில் ஒன்று செத்துப்போனால் அந்த நிரல் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அறிவிக்கும். அஞ்சல் அனுப்ப வழியில்லாவிட்டால், இரண்டாவது தட்டும் சாகும் வரை யாருக்கும் தெரியாது. பொதி கட்டியவர் நம் நன்மைக்குத்தான் எழுதினார். ஆனால் வீட்டில் ஒரேயொரு கணினி வைத்திருப்பவருக்கு அந்த அஞ்சல் எங்கே போய்ச் சேரும்? அவர் திறந்தே பார்க்காத ஒரு உள்ளூர்ப் பெட்டிக்குள். எக்சிமில் பாரதூரமான பாதுகாப்பு ஓட்டைகள் 2010 இலும் 2019 இலும் வெளிப்பட்டன. டெபியனில் அது தானாக வரும்போது வெளியுலகத்துக்குக் கதவைத் திறக்காமல், அதே இயந்திரத்துக்குள் மட்டும் கேட்கும்படியே அமைத்திருப்பார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். இருந்தாலும், நாம் கேட்காத ஒன்றுக்கு நாம் காவல் இருக்கவேண்டியிருக்கிறது.

இனி 2012 இன் சண்டை. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதியதை நாம் பார்த்ததில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்வோம்.

க்னோம் என்பது லினக்ஸின் திரை முகங்களில் ஒன்று. ஜன்னல், பட்டியல், பொத்தான் எல்லாம் சேர்ந்த மேசைத்தளம். நெட்வேர்க் மெனேஜர் என்பது வைபையையும் மற்ற இணைப்புகளையும் கவனிக்கும் நிரல். டெபியன் 6 இல், க்னோம் முழுவதையும் ஒரே பெயரில் ஏற்றும் கூட்டுப் பொதி நெட்வேர்க் மெனேஜரைச் சிபாரிசாக மட்டும் வைத்திருந்தது. பிடிக்காதவர்கள் கழற்றிவிட்டு விக்ட் என்ற சிறிய நிரலையோ, கையால் எழுதிய கோப்புகளையோ பாவித்தார்கள். அப்படிப் பாவித்தவர்கள் கொஞ்சப் பேர் அல்ல.

அடுத்த வெளியீடு வீஸி தயாராகும்போது, க்னோம் பொதிகளைக் கட்டும் குழு அதைக் கட்டாயமாக மாற்றியது. அவர்கள் வாதம்: க்னோம் 3 இன் திரையே நெட்வேர்க் மெனேஜர் இருக்கும் என்று எண்ணித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அது இல்லாத க்னோம் முழுமையான க்னோம் இல்லை. எதிர்த்தவர்கள் வாதம்: இது நம் இணைப்பைத் தன் கைக்குள் எடுக்கும் நிரல். ஏற்கெனவே வேண்டாம் என்று கழற்றி வைத்தவர் வீஸிக்கு மேம்படுத்தும்போது அது திரும்ப வந்தால், அவர் பார்த்துப் பார்த்து அமைத்த இணைப்பு அறுந்துவிடக்கூடும். மேம்படுத்தல் நடுவில் இணையம் அறுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. பொதி கட்டுபவரின் முடிவே அவருடைய பொதியில் இறுதி என்பது டெபியனின் வழக்கம். அதை மாற்ற அந்தக் குழுவுக்கு மட்டும் அதிகாரம் உண்டு, அதுவும் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை இருந்தால்தான். அந்தப் பெரும்பான்மையோடு குழு தீர்ப்பளித்தது: க்னோம்-கோர் என்ற அடிப்படைப் பொதியில் இருக்கும் கட்டாயம் சிபாரிசாக இறங்கவேண்டும்.

க்னோம் குழு கீழ்ப்படிந்தது. எப்படி? க்னோம்-கோரில் சிபாரிசாக மாற்றிவிட்டு, அதற்கு மேலே இருக்கும் க்னோம் என்ற பெரிய பொதியில் அதையே கட்டாயமாக எழுதியது. தீர்ப்பின் எழுத்து நிறைவேறியது, நோக்கம் கைவிடப்பட்டது. வாசலை மூடச் சொன்னால் வாசலை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்துவைக்கும் கெட்டித்தனம். இப்படியான கெட்டித்தனத்தை நாம் வகுப்பறையிலும் பார்த்திருக்கிறோம், கூட்டங்களிலும் பார்த்திருக்கிறோம்.

குழு இரண்டாவது முறை கூடியது. இந்த முறை நோக்கத்தைத் தெளிவாகவே எழுதினார்கள்: பழைய வெளியீட்டில் க்னோம் வைத்திருந்து, நெட்வேர்க் மெனேஜர் வைத்திருக்காத ஒருவர், வீஸிக்கு மேம்படுத்தும்போது அது தன் கணினிக்குள் வந்திருப்பதைக் காணக்கூடாது. பெரிய பொதியில் போட்ட அந்தக் கட்டாயமும் வீஸிக்காக அகற்றப்படவேண்டும் என்று தீர்ப்பு. 2013 மே 4 இல் வீஸி வெளிவந்தது.

கட்டாயமா சிபாரிசா என்ற ஒரே சொல்லுக்காக இரண்டு தீர்ப்பு. வெளியில் இருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கும். நமக்கு அதில் மரியாதைதான் வருகிறது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் தன் கணினியில் ஒருமுறை 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார். மேம்படுத்தல் வந்தாலும் அந்தச் சொல் செல்லவேண்டும் என்பதற்காகச் சம்பளம் வாங்காத ஒரு குழு மாதக்கணக்கில் இருந்து வாதாடியிருக்கிறது. க்னோம்காரர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரைகுறையாக ஓடும் க்னோமுக்கான முறைப்பாடுகள் அவர்கள் தலையில்தான் விழும். ஆனாலும் நம் தீர்ப்பைக் கேட்டால், குழு சொன்னதுதான் சரி.

அந்த மரியாதை ஆப்ட்டின் உள்ளேயும் எழுதப்பட்டிருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஒரு சிபாரிசை நீங்கள் ஒருமுறை கழற்றிவிட்டால், அடுத்த மேம்படுத்தலில் ஆப்ட் அதைத் திரும்பக் கொண்டுவராது. பொதியின் புதிய பதிப்பில் புதிதாக எழுதப்பட்ட சிபாரிசு மட்டும்தான் வரும்.

மற்ற வீடுகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். லினக்ஸ் மின்ட், உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது என்றாலும், பல வருடம் இந்தச் சிபாரிசை அணைத்தே வைத்திருந்தது. பிறகு அவர்களும் திறந்தார்கள். ரெட்ஹெட், பெடோரா பக்கத்தில் பாவிக்கும் ஆர்பிஎம் முறைக்குச் சிபாரிசு என்ற சொல்லே 2014 இல் வந்த 4.12 பதிப்பில்தான் முறையாகக் கிடைத்தது. அதுவரை அங்கே கட்டாயம் அல்லது ஒன்றுமில்லை.

அதே காலத்தில் டொக்கர் என்ற கொள்கலன் முறை பரவியது. ஒரு நிரலையும் அதற்குத் தேவையானதையும் மட்டும் சிறிய பெட்டியில் அடைத்து ஆயிரம் சேர்வரில் ஓட்டும் முறை. அங்கே ஒவ்வொரு மெகாபைட்டும் ஆயிரத்தால் பெருகும். ஆகவே ஆப்ட்-கெட்டோடு 'நோ இன்ஸ்டால் ரெக்கமெண்ட்ஸ்' என்ற சொல்லைச் சேர்ப்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இன்று இணையத்தில் லினக்ஸ் பாடம் நடத்தும் காணொளிகளில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நம் பிள்ளைகளும் வீட்டுக் கணினியில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கிறார்கள்.

அணைத்தால் என்ன ஆகும்? இதையும் வரலாற்றிலிருந்தே பார்க்கலாம். இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் டபிள்யூகெட் என்ற சிறிய நிரல், இணையத்தளங்களின் அடையாளச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொதியைச் சிபாரிசாகத்தான் வைத்திருக்கிறது. சிபாரிசை அணைத்துவிட்டு அதை ஏற்றினால், பாதுகாப்பான தளம் எதையும் நம்பமுடியவில்லை என்று அது நின்றுவிடும். கொள்கலன்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தலையைச் சொறிந்த இடம் இது. அதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10 இல் ஆப்ஆர்மர் என்ற காவல் முறை வழமையாகவே இயங்கத் தொடங்கியது. ஒரு நிரல் தன் எல்லையைத் தாண்டிக் கைவைக்காமல் பார்ப்பது அதன் வேலை. கருவகப் பொதி அதைக் கொண்டுவருவது கட்டாயமாக அல்ல, சிபாரிசாக. ஒட்டுமொத்தமாக அணைத்தவர் வீட்டுக் காவல்காரரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார், சத்தமில்லாமல்.

நம் மொழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. டெபியனில் தமிழ் மேசைத்தளத்துக்கென்று ஒரு கூட்டுப் பொதி உண்டு. இப்படியான மொழிப் பொதிகளுக்குள் உண்மையில் ஒன்றுமே இல்லை, வெறும் சீட்டு மட்டும்தான். எழுத்துருக்களும் மொழிபெயர்ப்புகளும் அந்தச் சீட்டில் சிபாரிசாக எழுதப்பட்டிருக்கும். சிபாரிசை அணைத்துவிட்டு அதை ஏற்றினால், ஏற்றியாயிற்று என்று கணினி சொல்லும், தமிழ் வராது. ஒரு காலத்தில் டெபியனின் உலாவிக்கு இலங்கைத் தமிழுக்கென்றே தனியாக ஒரு மொழிப் பொதி இருந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம். யாரோ நம்மவர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்த வேலை அது.

சரி, அப்படியென்றால் டேட்டா குறைந்த வீட்டில் என்னதான் செய்வது?

ஏற்றுவதற்கு முன் ஆப்ட் ஒரு பட்டியல் காட்டி, எவ்வளவு இறங்கும், வன்தட்டில் எவ்வளவு இடம் போகும் என்று சொல்லிவிட்டு, ஆமா இல்லையா என்று கேட்கும். டிசெலக்ட் காலத்துக் கேள்வியின் மிச்சம் அது. நம்மில் பெரும்பாலானோர் வாசிக்காமலே ஆம் என்று அழுத்துகிறோம். பட்டியல் நியாயமாக இருந்தால் விடுங்கள். எதிர்பாராத நீளமாக இருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு தடவைக்கு மட்டும் மேலே சொன்ன நோ இன்ஸ்டால் ரெக்கமெண்ட்ஸ் சொல்லைச் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். இப்போது எது எது விடுபட்டது என்று ஆப்ட்டே வரிசையாகக் காட்டும். அதில் வேண்டியதைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டியலில் ஒன்றுதான் வேண்டாதது என்றால் இன்னும் லேசு. கட்டளையின் கடைசியில் அந்தப் பொதியின் பெயரை எழுதி, இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள். மற்றவை வரும், அது வராது. எக்சிம் மாதிரியானவற்றில் மட்டும் கவனம்: அதைக் கழித்தால் அதே வேலை செய்யும் வேறொன்றை ஆப்ட் கூட்டிவரக்கூடும், ஆகவே பட்டியலை மறுபடியும் வாசிக்கவேண்டும். ஒரு பொதி எந்தக் காலத்திலும் உள்ளே வரவே கூடாது என்றால், ஆப்ட்டின் விருப்பக் கோப்பில் அதற்கு முன்னுரிமை மறை 1 என்று எழுதிவைக்கலாம். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒன்று யாருடைய சிபாரிசில் வந்தது என்று அறிய ஆப்டிடியூட்டில் 'வை' என்ற கட்டளை இருக்கிறது, ஆங்கிலத்தில் ஏன் என்று கேட்கும் அதே வை. சங்கிலியைப் படியாகக் காட்டும்.

அமைப்புக் கோப்பில் எழுதி நிரந்தரமாக அணைப்பதை வீட்டுக் கணினிக்கு நாம் சொல்வதில்லை. 4 ஜிபி அட்டையில் ஓடும் சிறிய கணினி, சேர்வர், கொள்கலன் என்றால் வேறு கதை. அப்படி அணைத்தவர்களுக்கும் ஒரு தகவல். அணைத்த பிறகு ஆட்டோரிமூவ் கொடுத்தால் பழைய சிபாரிசுகள் எல்லாம் போய்விடும் என்று நினைப்பார்கள். போகாது. இருக்கும் பொதி ஒன்று சிபாரிசு செய்கிறது என்றாலே அதை முக்கியமானதாகக் கருதி வைத்துக்கொள்ளும்படி ஆப்ட்டில் தனியாக இன்னொரு அமைப்பு இருக்கிறது. அதையும் மாற்றினால்தான் போகும். மாற்றினால் வரும் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசித்த பிறகே ஆம் சொல்லுங்கள். ஆப்ஆர்மர், சான்றிதழ்ப் பொதி, எழுத்துரு ஆகிய மூன்றும் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்றைய டெபியனில் பொதிகள் 64,000 க்கும் மேல். ஒவ்வொன்றின் சீட்டையும் எழுதியவர் ஒரு மனிதர். தேவையில்லாத சிபாரிசு என்று உங்களுக்குப் பட்டால், அந்தப் பொதியின் வழுப் பதிவில் காரணத்தோடு எழுதலாம், இதை யோசனையாக இறக்குங்கள் என்று. நியாயமான காரணம் என்றால் மாற்றுகிறார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும்.

யாருக்காவது இந்த வாரம் நீளமான பட்டியல் வந்து பயம் பிடித்திருந்தால், ஆம் அழுத்துவதற்கு முன் திரையைப் படம் எடுத்துக் கீழே கமெண்டில் போடுங்கள். எதை விடலாம், எதை எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். இஷாவுக்குப் பிறகுதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.